மொட்டை போட்டு வந்தால் நாய்க்கு நம் முகம் தெரியாமல் போகுமா?

கேள்வி: 12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலையில் மொட்டை போட்டு, பால்குடம் எடுத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்குப் பிறை ஊரில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் டைகருக்கு ஆறு வயது. குட்டியிலிருந்து என் கையால்தான் அதற்குச் சோறு. கேட்டைத் திறந்ததும் காருக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து, பத்தடி தள்ளி நின்று, முதுகு முடி சிலிர்க்கக் குரைத்தது. "டேய், நான்தான்டா" என்றதும் குரைப்பு பாதியில் நின்றது. ஆனாலும் கிட்ட வர ரொம்ப நேரம் ஆனது. "நாய்க்கு முகமெல்லாம் தெரியாது, எல்லாம் மோப்பம்தான்" என்கிறார் என் மாமா. அப்படியென்றால் இத்தனை வருடமாக அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதற்கு? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 12 பிப்ரவரி, இரவு 10.40

மாமா சொல்வது தவறு, தம்பி. நாய்க்கு முகம் தெரியும்.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடாச்சி குழுவினர் 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எசமானின் குரலை நாய்க்குக் கேட்க வைத்து, அப்புறம் திரையில் ஒரு முகப்படம் காட்டினார்கள். குரல் எசமானுடையதாக இருந்து, முகம் வேறு ஆளுடையதாக வந்தபோது நாய் அந்தப் படத்தை அதிக நேரம் உற்றுப் பார்த்தது. அதாவது குரலைக் கேட்டதுமே இன்ன முகம் வரப்போகிறது என்று அது எதிர்பார்த்திருக்கிறது. திரையில் ஏது வாசம்?

எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. பெயர் பூரி. ரொட்டி சானாய் கடைக்குப் பின்னால் எண்ணெய் டின்களுக்கு நடுவே கிடந்த குட்டி. இப்போது ஒன்பது வயது. நான் சோபாவில் உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து என் புருவத்தையே பார்க்கும். மோப்பம் மட்டும் போதுமென்றால் அது ஏன் பார்க்க வேண்டும்?

13 பிப்ரவரி, காலை

ராத்திரி எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். முகம் தெரியும் என்பது ஒன்று. எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பது வேறு.

நாயின் பார்வைக் கூர்மைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20/75. நமக்கு 75 அடியில் பிரித்துத் தெரிகிற நுணுக்கம் அதற்கு 20 அடிக்கு வந்தால்தான் தெரியும். இது சுமாரான கணக்கு, நாய்க்கு நாய் மாறும். நம் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் கேட்டிலிருந்து வாசல்படி வரை ஏறக்குறைய இருபது அடிதான். எதிர் வரிசையையும் தாண்டி நிற்கிற ஒருவரை நாம் பார்த்தால் மூக்கும் வாயும் எவ்வளவு தெரியும்? தலையின் வடிவம், முடி, தோள், உயரம், நடை, இவ்வளவுதான் தெரியும். கேட்டில் நிற்கிற உங்களை டைகர் அப்படித்தான் பார்த்திருக்கும். அதில் முடியை எடுத்துவிட்டீர்கள்.

நிறத்தையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு நிறம் காட்டும் கூம்பு செல்கள் மூன்று வகை, நாய்க்கு இரண்டு. நெய்ட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்ற மூவர் 1989இல் அளந்து சொன்னது: ஒரு வகை 429 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதாநீல ஒளிக்கும், இன்னொன்று 555 நானோமீட்டர் மஞ்சட்பச்சை ஒளிக்கும் அதிகமாக இசைகிறது. நீலத்தையும் மஞ்சளையும் அது நன்றாகப் பிரித்தறியும். சிவப்பும் பச்சையும் குழம்பும். உங்கள் வீட்டம்மாவின் குங்குமப் பொட்டு அதற்குச் சிவப்பாகத் தெரியாது. நீங்கள் மஞ்சள் வேட்டியில் வந்திருந்தால் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரிந்திருக்கும். தினமும் நீலக் கம்பெனிச் சட்டையில் வருகிற ஆள், தலை வேறு மாதிரி, உடை வேறு நிறம்.

13 பிப்ரவரி, மதியம்

"நாய்க்குக் கறுப்பு வெள்ளை மட்டும்தானே தெரியும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மேலே எழுதியிருக்கிறேன்.

13 பிப்ரவரி, இரவு

மத்தியானம் மோட்டாரில் வரும்போது இன்னொன்று தோன்றியது. நடை! தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்திருப்பீர்கள். பாதம் கொப்பளித்தால் யாரும் நேராக நடக்க முடியாது. நாயின் கண் அசைவுக்குக் கட்டப்பட்ட கண். 1936இல் 14 போலீஸ் நாய்களைச் சோதித்தபோது, அவற்றில் மிகக் கூர்மையானவை அசைகிற பொருளை 810 முதல் 900 மீட்டர் தூரத்தில்கூட கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் நின்றபோது 585 மீட்டருக்குள் வந்தால்தான் தெரிந்தது. அப்படிப்பட்ட பிராணி உங்கள் நடையை ஆறு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. நீங்கள் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

மாமாவின் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். தலையில் சந்தனம், உடம்பெல்லாம் விபூதி, கற்பூரப் புகை, பால். உங்கள் சொந்த வாசம் எங்கேயும் போகாது, ஆனால் அதன் மேல் நாலு வாசம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதோடு காற்று உங்கள் பக்கமிருந்து அடித்ததா, எதிர்ப்பக்கமிருந்தா என்று யாருக்குத் தெரியும்.

16 பிப்ரவரி, ஞாயிறு

வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஹாலில் கண்ணாடிச் சறுக்குக் கதவு. அதை இறுக்கமாகச் சாத்திவிட்டால் வாசம் உள்ளே வருவது குறையும். வீட்டுக்காரி பூரியை ஹாலில் வைத்துக்கொண்டாள். நான் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்து, பேசாமல், கையை அசைக்காமல், கண்ணாடிக்கு எட்டடி தள்ளி நின்றேன்.

முதல் தடவை, சாதாரணமாக. பூரி தலையைத் தூக்கியது, வால் தரையை இரண்டு முறை தட்டியது, எழுந்து வந்தது.

இரண்டாம் தடவை, சின்னவளின் நீச்சல் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தேன். முடி முழுக்க மறைந்து மண்டை உருண்டையாகிவிட்டது. பூரி எழுந்தது. வால் கீழே. காது இரண்டும் முன்னால் வந்தன. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்குகிறது, ஆனால் கண்ணாடியில் பட்டுத் திரும்புவது அதன் மூச்சுதான்; கண்ணாடியில் வட்டமாக ஆவி படிகிறது, மறைகிறது, மறுபடி படிகிறது. உள்ளே உருமுகிற சத்தம் கேட்டதாக வீட்டுக்காரி சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் உதடு நடுங்கியதுதான். என் முகம் அப்படியே இருக்கிறது. மூக்கு, வாய், மீசை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதே. பூரி என் நெற்றிக்கு மேலேயே பார்க்கிறது. அரை நிமிடம் அப்படியே போனது. என்னால் தாங்க முடியவில்லை. பழக்க தோஷத்தில் வலது காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டேன். அந்தக் கை மேலே போன கணத்தில் அதன் உடம்பு தளர்ந்தது. வால் நுனி மட்டும் ஆடியது. அப்புறம் இடுப்போடு சேர்ந்து ஆடியது.

மூன்றாம் தடவை தொப்பி இல்லை. துண்டால் மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டினேன். தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வாலாட்டிக்கொண்டே வந்துவிட்டது.

எனக்கு இதில் தெரிவது, எங்கள் பூரிக்கு என் முகத்தைவிட என் தலை முக்கியம்.

18 பிப்ரவரி

சோதனையைப் பற்றிக் கண்டனம் வந்திருக்கிறது, நியாயமான கண்டனம். ஒரே நாய், ஒரே முறை. நீச்சல் தொப்பி முடியை மறைப்பதோடு நில்லாமல் புதிய பளபளப்பு ஒன்றையும் கொண்டுவருகிறது. வீட்டுக்காரியின் மூச்சு மாறியதைக்கூட நாய் கவனித்திருக்கலாம். மூன்றாம் முறை வருவதற்குள் "இந்த ஆள்தான் வெளியே விளையாடுகிறான்" என்று அதற்குப் புரிந்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு வரிசையை மாற்றிச் செய்கிறேன்.

ஆனால் இதையே முறையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். வியன்னாவில் லுட்விக் ஹூபர் குழுவினர், 2013. நாய்க்கு நன்கு பழகிய இரண்டு பேரின் முகங்களைக் காட்டி, ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தொடப் பழக்கினார்கள். முதலில் நிஜத் தலை. நாய்கள் கற்றுக்கொண்டன. அப்புறம் தலையின் புகைப்படம். திறமை இறங்கியது. மறுபடி கற்றுக்கொண்ட பிறகு, முடியும் ஓரமும் இல்லாமல் முகத்தின் உள்பகுதியை மட்டும் காட்டினார்கள். மறுபடி இறங்கியது.

முகத்தின் உள்பகுதி மட்டும் என்றால் என்ன? ஏறக்குறைய மொட்டைதான்! உங்கள் டைகருக்கு நீங்கள் வைத்தது அந்தக் கடைசிப் பரீட்சை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் இரண்டு நாய்கள் எல்லாக் கட்டத்தையும் சீக்கிரமே தாண்டிவிட்டன. ஆகவே முடியவே முடியாது என்பதில்லை. சில நாய்க்கு முடிகிறது.

22 பிப்ரவரி

12ஆம் தேதி "நாய்க்கு முகம் தெரியும்" என்று ஒரே வரியில் அடித்துச் சொன்னேனே, அதைத் திருத்துகிறேன். மாமாவிடமும் சொல்லிவிடுங்கள்.

மூளை ஸ்கேன் ஆய்வுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களை மயக்க மருந்து இல்லாமல், அவையாகவே எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியிருக்கிறார்கள். 2015இல் அவர்கள் வெளியிட்டது: நாயின் மூளையில் பக்கவாட்டுப் பகுதி ஒன்று, பொருள்களைவிட முகங்களைப் பார்க்கும்போது அதிகம் வேலை செய்கிறது. மறு வருடம் மெக்சிகோ குழு ஒன்றும் மனித முகத்தைப் பார்த்தால் நாயின் மூளையில் என்ன நடக்கிறது என்று எழுதியது. இவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நான் அவ்வளவு உறுதியாக இருந்தேன்.

2020இல் புடாபெஸ்டிலிருந்து வந்தது வேறு மாதிரி. 20 நாய்கள், 30 மனிதர்கள், எல்லோருக்கும் ஒரே வீடியோத் துண்டுகள்: மனித முகம், மனிதரின் பின்தலை, நாய் முகம், நாயின் பின்தலை. மனித மூளை முகத்துக்கும் பின்தலைக்கும் பெரிய வித்தியாசம் காட்டியது. நாயின் மூளையில் முகத்துக்கென்று தனி மரியாதை எதையும் அவர்களால் காண முடியவில்லை. அது பிரித்தது மனிதனா நாயா என்பதை.

முன்னது பொருளோடு முகத்தை ஒப்பிட்டது. பின்னது பின்தலையோடு ஒப்பிட்டது. அதனால் இரண்டும் நேருக்கு நேர் மோதுவதாக எனக்குப் படவில்லை. நமக்கு முகம் என்பது ஆள். வங்கி, பாஸ்போர்ட், எங்கே போனாலும் முகம்தான். நாய்க்கு முகம் ஆளின் ஒரு பகுதி. பார்க்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

23 பிப்ரவரி

சோதனை இரண்டு. இந்தத் தடவை நீச்சல் தொப்பியோடு முதலில் போய் நின்றேன். பூரி வாலாட்டியது. ஒரு வாரத்தில் தொப்பி அதற்குப் பழகிவிட்டது. இனி இந்த வீட்டில் இந்தச் சோதனை செல்லாது.

2 மார்ச்

இதை எழுதலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

2019இல் எங்கள் அப்பா தவறினார். மூத்த மகன் நான்தான். சுடுகாட்டில் காரியம் முடித்து, மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு, மாலை ஐந்து மணிக்கு வீடு வந்தேன். வாசலில் சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள். பூரிக்கு அப்போது மூன்று வயது. என்னைப் பார்த்ததும் அது குரைத்த குரைப்பு இன்னும் காதில் இருக்கிறது. கேட்டருகே விட மாட்டேன் என்கிறது. பெரியம்மா ஒருத்தர், "சாவு வீட்டில் நாய் இப்படிக் குரைக்கக் கூடாதுப்பா, சகுனம் சரியில்லை" என்றார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு எனக்குக் குரலே இல்லை, அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. செருப்பை எடுத்து வீசினேன். முதுகில் பட்டது. அப்புறம் தம்பி அதைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கட்டிவைத்தான். மூன்று நாள் கட்டியே கிடந்தது. சோறு வைத்தார்கள், சாப்பிடவில்லை.

அது அப்பாவுக்காகச் சாப்பிடவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இப்போது இந்த இழையில் எழுதியதையெல்லாம் நானே திரும்பப் படிக்கிறேன். தலை மாறியிருந்தது. உடை மாறியிருந்தது. நடை தளர்ந்திருந்தது. புகை வாசம். குரலும் இல்லை. அதற்கு என்னைக் காட்டிக்கொடுக்க ஒன்றையுமே நான் மிச்சம் வைக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன், துக்கத்தில் இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறான் என்று அது தடுத்திருக்கிறது. அதற்குத்தான் செருப்பால் அடித்தேன்.

பூரி அதை எப்போதோ மறந்திருக்கும். நான் மறக்கவில்லை.

4 மார்ச்

தனியாகச் செய்தி அனுப்பியவர்களுக்கு நன்றி. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

9 மார்ச்

நல்ல கேள்வி ஒன்று வந்திருக்கிறது. ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு அக்கா எழுதுகிறார்: "ஆள் அடையாளம் இருக்கட்டும். நான் கோபமாக இருந்தால் வாய் திறக்குமுன்பே எங்கள் வீட்டு நாய் மேசைக்கடியில் போய்விடுகிறது. கோவிட் காலத்தில் மாஸ்க் போட்டிருந்தபோதும் அப்படித்தான். எப்படி?"

அக்கா, இதில் நாய் கெட்டிக்காரி. அடையாளம் காண்பதைவிட முகபாவத்தைப் படிப்பதில் அதற்குத் தேர்ச்சி அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015இல் அதே வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு: சிரித்த முகம், கோப முகம் இரண்டையும் நாய்களுக்குப் பழக்கினார்கள். சில நாய்களுக்கு முகத்தின் மேல் பாதி மட்டும், சிலவற்றுக்குக் கீழ் பாதி மட்டும். அப்புறம் பார்த்தே இராத புது ஆட்களின் முகத்தையும், பழகாத மற்ற பாதியையும் காட்டினார்கள். நாய்கள் சரியாகவே பிரித்தன. வாயைப் பார்த்துக் கற்றது கண்ணைப் பார்த்தும் கண்டுபிடிக்கிறது! அதனால் மாஸ்க்குக்கு மேலே தெரிகிற கண்ணும் புருவமும் அதற்குப் போதும்.

அந்த ஆய்வில் என் மனதில் தங்கிய விஷயம் வேறு. கோப முகத்தைத் தொட்டால்தான் பரிசு என்று பழக்கப்பட்ட நாய்கள் கற்க அதிக நாள் எடுத்தன. கோப முகத்தை நெருங்கவே அவற்றுக்குத் தயக்கம்.

புருவம் என்றதும் ஞாபகம். 2019இல் ஒரு குழு நாய்களின் முகத் தசைகளையும் ஓநாய்களின் முகத் தசைகளையும் அறுத்து ஒப்பிட்டது. கண்ணுக்கு மேலே உள்புருவத்தைத் தூக்குகிற தசை நாய்களில் நன்றாக வளர்ந்திருந்தது. ஓநாய்களில் அது அனேகமாக இல்லை. பூரி தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தூக்குகிறதே, அந்தத் தசைதான்.

10 மார்ச்

குட்டை மூக்குப் பக் நாய் வைத்திருப்பவர், மூக்கின் நீளத்துக்கும் பார்வைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. 2004இல் மெக்ரீவி குழு விழித்திரையை ஆராய்ந்து சொன்னது இது. நீள மூக்கு நாய்களில் நரம்பு செல்கள் கிடைமட்டமாகப் பட்டையாகப் பரவியிருக்கின்றன. தொடுவானத்தில் ஓடுகிறதைப் பார்க்க அது வசதி. குட்டை மூக்கு நாய்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன. பக் உங்கள் முகத்தை உற்றுப் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக மூச்சுத் திணறுகிற நாயை ஆசைப்பட்டு வாங்காதீர்கள் என்று சொல்லத்தான் தோன்றுகிறது. நம் ஊர் வெயிலில் அவை படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

6 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். அவருக்கு முடி ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது, டைகர் பழையபடி ஆகிவிட்டது. இப்போது வேறு கவலை. மகளுக்கு இரண்டு வயது ஆகப் போகிறது, சித்திரையில் கோயிலில் முடி இறக்கப் போகிறார்கள். "பிள்ளையைப் பார்த்து டைகர் பாய்ந்துவிட்டால்?"

தம்பி, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைக்கு நீங்கள் வருவதற்குமுன் டைகரைக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். கட்டுவது தண்டனை மாதிரி இருக்கக் கூடாது, பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கட்டும். சந்தனத்தைக் கொஞ்சம் துடைத்துவிடுங்கள். பிள்ளை வழக்கமாகப் போடுகிற சட்டையையே போடுங்கள். கேட்டுக்கு வெளியே நின்று, நீங்களும் பிள்ளையும் பேச வேண்டும். முகம் தெரிவதற்குமுன் குரல் போய்ச் சேரட்டும். பிள்ளையின் தலையை நேராக அதன் மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். அரையடிக்குள் வருகிற எதுவும் அதன் கண்ணுக்கு மங்கல்தான். முதலில் பிள்ளையின் துணியை மோந்து பார்க்கட்டும். டைகராக வால் ஆட்டுகிறவரை பிள்ளை உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

20 ஏப்ரல்

தம்பி எழுதியதை அவர் சம்மதத்தோடு இங்கே சேர்க்கிறேன். கேட்டுக்கு வெளியே காரை நிறுத்தி இறங்கியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து டைகர் ஒரே ஒரு முறை குரைத்தது. பிள்ளை, தலை எரிச்சலில் அழுதுகொண்டே இருந்தவள், அழுகையை நிறுத்தி, "தைதை" என்று கூப்பிட்டாளாம். அவளுக்கு இன்னும் டைகர் என்று வராது. சங்கிலி இழுபடுகிற அளவுக்கு வால் ஆடியிருக்கிறது. அப்புறம் அவள் காலை நக்கியது. மூன்றாம் நாள்தான் தலைப் பக்கம் வந்தது.

ஒன்று மட்டும் கேட்க விட்டுப் போனது, தம்பி. அவள் கூப்பிட்ட அந்த நேரத்தில் டைகர் பார்த்துக்கொண்டிருந்தது எதை, அவள் முகத்தையா, தலையையா? உங்கள் வீட்டம்மா கைப்பேசியில் பிடித்த வீடியோ இருந்தால், அந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.